ஈர நெல்லும் எரியும் உமியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

முன்னுரை

வெப்பவியல் பாடத்துக்காக நூலகத்தில் ஒரு பழைய பொறியியல் நூலைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. குளிர் நாட்டு வீடு ஒன்றின் நிலவறையில் நிலக்கரி உலை எரிகிறது. உலையைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று சூடாகிறது. சூடான காற்று பெரிய பெரிய தகரக் குழாய்கள் வழியே மேலே ஏறி ஒவ்வோர் அறையையும் கதகதப்பாக்குகிறது. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சித்திரை வெயிலில் நாகப்பட்டினத்துக் கடற்காற்றுக்காகத் திண்ணையில் காத்துக் கிடக்கும் நமக்கு வீட்டைச் சூடாக்கும் உலை எதற்கு? மாணவ நண்பர்களும் இதையே கேட்கக்கூடும்.

ஆனால் அந்த ஆண்டு ஐப்பசியில் என் சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டுக்குத் தேவைப்படாத வெப்பக்காற்று நம் நெல்லுக்குத் தேவைப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே கண்டேன். அந்த உலை எவ்வாறு வேலை செய்கிறது, அதை எவ்வாறு திருத்தலாம், நிலக்கரிக்குப் பதிலாக நம் ஊர் உமியை அதில் எவ்வாறு எரிக்கலாம் என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐப்பசி மழையும் 17 விழுக்காடும்

காவிரிப் படுகையில் குறுவை ஆனி, ஆடியில் நடப்பட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே ஐப்பசியில்தான். பயிர் விளைவதும் மழை வருவதும் ஒரே வாரத்தில் நேர்ந்துவிட்டால் உழவனின் பாடு திண்டாட்டம்தான்.

இது புதிய துன்பம் அன்று. 1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தின் கீழ் வந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. விளைச்சல் பெருகியது, அதோடு மழையில் நனைந்த நெல்லும் பெருகியது. அக்காலத்தில்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. 1972-ல் அது தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக உருப்பெற்றது. இன்று அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அதன் பிறப்புக்கே காரணம் நம் வயல்களின் ஈர நெல்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாடு முழுமைக்குமான விதி. மழை மிகுந்த பருவங்களில் தமிழ்நாட்டு அரசு தளர்வு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும் செய்தித்தாளில் நாம் படிப்பவை. 2025 அக்டோபரில் 22 விழுக்காடு வரை ஏற்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. அறுவடை எந்திரம் இறங்கி அறுக்கும் நெல் மழைக்காலத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தோடு வருவது இயல்பு. பழைய முறையில் அரி அரியாக அறுத்துப் போட்டு, கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பதற்குள் நெல் ஓரளவு காய்ந்துவிடும். இப்போது அந்த இடைவெளி இல்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்த ஒன்றரை ஏக்கர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டினோம். ஈரமானி 21 காட்டியது. அங்கிருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி காட்டியதை அவர் படித்தார். காய வைக்கலாமென்றால் வெயில் இல்லை. தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமாக ஒன்பது நாள் கழிந்தன. பத்தாம் நாள் குவியலுக்குள் அம்மா கையை விட்டுப் பார்த்தார். உள்ளே வெந்நீர் போலச் சுட்டது. அடிநெல்லில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அப்பா என்னைப் பார்த்து, "பாப்பா, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒரு வழி இல்லையா?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அந்தக் கேள்விக்கு என்னைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நூலகத்துக்குச் சென்று, நான் சிரித்த அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

சூடான காற்று என்ன செய்கிறது?

நெல்லைச் சுடவைத்தால் காய்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நெல்லிலிருந்து நீரை வாங்கிச் செல்வது காற்றுதான். அக்காற்றுக்கு நீரை ஏற்கும் இடம் வேண்டும்.

ஐப்பசி மழைநாளில் காற்றின் வெப்பநிலை 26 பாகை செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கொள்வோம். 26 பாகையில் தெவிட்டிய நீராவி அழுத்தம் 25.2 மில்லிமீட்டர் பாதரசம். அதில் 95 விழுக்காடு, அதாவது 23.9 மில்லிமீட்டர், ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இக்காற்றில் நெல் ஒரு மாதம் கிடந்தாலும் காயாது. இனி அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்குவோம். காற்றிலுள்ள நீராவி மாறவில்லை, அதே 23.9 தான். ஆனால் 40 பாகையில் தெவிட்டிய அழுத்தம் 55.3 மில்லிமீட்டர். ஆகவே ஒப்பு ஈரப்பதம் 43 விழுக்காடாக இறங்குகிறது. வெறும் 14 பாகை உயர்த்தியதும் மழைக்காற்று வெயில்காலக் காற்றாக மாறிவிட்டது! குளிர் நாட்டு உலை மனிதனுக்குச் செய்யும் தொண்டும் நம் உலை நெல்லுக்குச் செய்யும் தொண்டும் இந்த ஒரே அடிப்படையில் அமைந்தவை.

அப்படியானால் இன்னும் சூடாக்கினால் இன்னும் விரைவாகக் காயுமே என்று கேட்கலாம். காயும், ஆனால் நெல் கெட்டுவிடும். மேற்புறம் விரைந்து காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருந்தால் அரிசியில் வெடிப்பு விழும். ஆலையில் அரைக்கும்போது அது நொய்யாகப் போகும். விதைநெல்லாயின் ஏறத்தாழ 43 பாகைக்கு மேல் போகக் கூடாது. போனால் முளைப்புத் திறன் குறையும். ஆகவே பெரிய உலர்த்திகளில் நெல்லைச் சிறிது நேரம் காற்றில் காட்டி, பிறகு சில மணி நேரம் ஆறவிட்டு, உள்ளிருக்கும் ஈரம் மேலே வந்தபின் மீண்டும் காற்றில் காட்டுவார்கள்.

எவ்வளவு வெப்பம், எவ்வளவு உமி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் நீர் 220 கிலோ. உலர்பொருள் 780 கிலோ. இதை 17 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் மொத்த எடை 780-ஐ 0.83-ஆல் வகுத்து வருவது, அதாவது 940 கிலோ. ஆகவே நீக்க வேண்டிய நீர் 60 கிலோ. சிலர் 5 விழுக்காடு என்றால் 50 கிலோ என்று எண்ணிவிடுவர், அது தவறு.

ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். ஆனால் உலர்த்தியில் காற்றோடு வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிலோ நீருக்கு 1,200 கிலோ கலோரி என்று கொள்வது நலம். அப்போது 60 கிலோவுக்கு 72,000 கிலோ கலோரி. ஒரு கிலோ உமி எரிந்தால் ஏறத்தாழ 3,000 கிலோ கலோரி கிடைக்கும். உலை அதில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்தால் பயன்படுவது 1,500. ஆக, தேவைப்படும் உமி 48 கிலோ.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. 940 கிலோ நெல்லை அரைத்தால் 188 கிலோ உமி கிடைக்கும். அதாவது, தன் உமியில் கால் பங்கைக் கொடுத்தாலே நெல் தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும்! இந்த விடை வந்தபோது நான் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். விறகும் வேண்டாம், டீசலும் வேண்டாம், ஒடிசாவிலிருந்து நிலக்கரியும் வர வேண்டாம். வேண்டியது பாதி வெப்பத்தையாவது காற்றுக்குக் கொடுக்கும் நல்ல உலை ஒன்றே. அதில்தான் இடர்ப்பாடு.

பிறர் கற்ற பாடம்

வெப்பக்காற்று உலையை முறையாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். 1918-ல் ஆர்தர் வில்லார்டு முதலியோர் தொடங்கிய அவ்வாராய்ச்சி, 1924-ல் அர்பானா நகரில் ஒரு முழு வீட்டையே ஆய்வுக்கூடமாகக் கட்டும் அளவுக்கு வளர்ந்தது. குழாயின் அளவு, எரியறையின் பரப்பு, காற்றின் ஓட்டம் ஆகியவற்றை அளந்து, கொல்லனின் கைப்பழக்கமாக இருந்த ஒரு தொழிலை அவர்கள் அறிவியலாக்கினர்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு தேயிலை. அசாமின் கச்சார் பகுதியில் தோட்ட வேலை பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர் தேயிலை உலர்த்தும் எந்திரங்களை உருவாக்கி, 1881-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 'சிராக்கோ' தொழிற்சாலையை நிறுவினார். சிராக்கோ என்பது பாலைவனத்திலிருந்து வீசும் வெங்காற்றின் பெயர். தேயிலை புகை வாசனையை உடனே ஏற்றுக்கொள்ளும் பொருள். ஆகவே நெருப்பின் புகை ஒரு பக்கமும் தேயிலைக்குப் போகும் தூய காற்று மறு பக்கமும் இருக்க, இடையே இரும்புச் சுவர் வழியே வெப்பம் மட்டும் கடக்குமாறு உலைகள் அமைக்கப்பட்டன. நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் இன்றும் இம்முறையைக் காணலாம்.

நம் நாகப்பட்டினத்துக்கும் கரி நெருப்பு புதிதன்று. 1861-ல் தொடங்கித் திருச்சிராப்பள்ளி வரை போடப்பட்ட இருப்புப்பாதையும், 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றப்படும் வரை இங்கு இயங்கிய இரயில்வே பணிமனையும் அதற்குச் சான்று.

உமியின் குணம்

நிலக்கரிக்குச் செய்த உலையில் உமியைக் கொட்டினால் என்ன ஆகும்? புகைதான் வரும். காரணத்தைக் காண்போம்.

எந்தத் திட எரிபொருளும் இரண்டு நிலைகளில் எரிகிறது. முதலில் சூடேறியதும் எரிவளிகள் வெளியேறிச் சுடராக எரிகின்றன. பிறகு எஞ்சும் கரி கனலாக எரிகிறது. உமியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் எரிவளியாக வெளியேறும், நிலைத்த கரி சுமார் 15 விழுக்காடே, எஞ்சியது சாம்பல். எரிவளிகளுக்கு மேலே போதிய காற்றும் சூடும் இல்லையேல் அவை எரியாமலே புகையாகிப் புகைபோக்கி வழியே ஓடிவிடும். நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து 'லெகோ' கட்டிகள் செய்து வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். எரிவளிகளை முன்னரே நீக்கிவிட்டதால் அது புகையாமல் எரிந்தது. உமியோ அதற்கு நேர் எதிர்.

உமியின் மற்றொரு குணம் அதன் சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமி எரிந்த பின்னும் அச்சிலிக்காக் கூடு உமியின் வடிவிலேயே நின்று, உள்ளே இருக்கும் கரியைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். அதனால்தான் அரைகுறையாக எரிந்த உமிச்சாம்பல் கறுப்பாக இருக்கிறது. அந்தக் கறுப்பு நாம் வீணாக்கிய வெப்பம்.

இவ்வளவு குணங்களையும் நம் வீட்டுப் பெண்கள் பாடநூல் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள். உமி அடுப்பை நினைத்துப் பாருங்கள். தகர டப்பாவின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, பக்கத்து ஓட்டையில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் உமியைக் கெட்டியாக அடைத்து, பிறகு புட்டியையும் கட்டையையும் மெல்ல உருவிவிடுவார்கள். பக்கத் துளை வழியே காற்று நுழைந்து நடுத்துளை வழியே ஏறுகிறது. நடுத்துளையின் சுவர்தான் எரிகிறது. வெளிவரும் எரிவளி அத்துளைக்குள்ளேயே காற்றோடு கலந்து சுடராகிறது. புகைபோக்கியும் அதுவே, எரியறையும் அதுவே! அம்மா உமி அடைப்பதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். அதில் இவ்வளவு இயற்பியல் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

நல்ல உலையின் ஐந்து இலக்கணங்கள்

முதலாவது, எரிதட்டு. நிலக்கரிக்குத் தட்டையான கம்பித் தட்டு போதும். உமி கம்பிகளுக்கிடையே ஒழுகிவிடும். அல்லது மெத்தைபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். ஆகவே படிக்கட்டு போலச் சாய்வாக அடுக்கிய தகடுகள் நல்லவை. உமி மேலிருந்து மெல்லச் சரிந்து ஒவ்வொரு படியிலும் புரண்டு எரியும். புரளும்போது சாம்பல் கூடு உடைந்து உள்ளிருக்கும் கரியும் எரியும்.

இரண்டாவது, இரு வகைக் காற்று. தட்டின் அடியிலிருந்து வரும் முதற்காற்று கரியை எரிக்கிறது. சுடரின் மேலே பக்கத் துளைகள் வழியே வரும் இரண்டாம் காற்று எரிவளியை எரிக்கிறது. இரண்டாம் காற்று இல்லாத உலையே புகையும் உலை.

மூன்றாவது, எரியறையின் சூடும் இடமும். எரிவளி முழுதும் எரிய, சூடு, காற்றுடன் நன்கு கலத்தல், போதிய நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். சுடர் குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் அணைந்து புகைக்கரியாகப் படியும். ஆகவே எரியறைக்கு வெப்பம் தாங்கும் செங்கலோ களிமண்ணோ பூச வேண்டும். வெப்பத்தை வாங்கும் இரும்புக் குழாய்கள் சுடர் முடிந்த பிறகே வர வேண்டும்.

நான்காவது, மிகைக் காற்றைக் கட்டுப்படுத்தல். ஒரு கிலோ உமி எரிய ஏறத்தாழ 5 கிலோ காற்று போதும். நாம் 15 கிலோ காற்றை விட்டால் என்ன நேரும்? புகைபோக்கியில் வளி 200 பாகையில் வெளியேறுகிறது, வெளிக்காற்று 30 பாகை என்று கொண்டால், முதல் நிலையில் 5.8 கிலோ வளி எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 250 கிலோ கலோரி; அதாவது 8 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 15.8 கிலோ வளி எடுத்துச் செல்வது 670 கிலோ கலோரி. அதாவது 22 விழுக்காடு. கதவைத் திறந்து வைத்து எரிப்பவர் வானத்தைச் சூடாக்குகிறார். எனினும் கணக்காக 5 கிலோ மட்டும் விட்டால் கலப்பு போதாமல் புகையும். ஆகவே சிறிது மிகைக் காற்று தேவை. அதைத் தடுப்புத் தகட்டால் ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, வெப்பமாற்றியும் புகைபோக்கியும். புகையை நேராக நெல்லுக்குள் விடும் நேர்முறை உலையில் வெப்பம் வீணாவது குறைவு. ஆனால் புகை நாற்றமும் சாம்பலும் தீப்பொறியும் நெல்லுக்குள் போகும். புகையிலுள்ள தார்ப்பொருள்கள் உடலுக்கும் தீங்கானவை. குழாய்ச் சுவர் வழியே வெப்பத்தை மாற்றும் மறைமுறையே உணவுக்கு ஏற்றது. அதில் குழாயின் பரப்பு மிகுதியாகவும், புகையும் காற்றும் எதிரெதிர்த் திசையில் ஓடுமாறும், ஒட்டிய கரியைச் சுரண்டி எடுக்க வழி உள்ளதாகவும் இருக்க வேண்டும். புகைக்கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. வாரக்கணக்கில் சுரண்டாத உலை போர்வை போர்த்திய உலை.

புகைபோக்கி இழுப்பதும் நம் பாடத்தில் வரும் மிதப்பு விசைதான். 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று 1.165 கிலோ, 200 பாகையில் 0.746 கிலோ. 10 மீட்டர் உயரப் புகைபோக்கியில் இந்த வேறுபாடு சதுர மீட்டருக்கு 4.2 கிலோ, அதாவது 4.2 மில்லிமீட்டர் நீர் அழுத்தம். இவ்வளவு சிறிய இழுவைதான். ஆகவே வெப்பமாற்றியில் வளைவுகளை மிகுதியாக வைத்தால் இழுவை போதாமல் புகை திரும்பி முகத்தில் அடிக்கும். வெப்பத்தையும் வாங்க வேண்டும், இழுவையையும் விட்டுவைக்க வேண்டும். உலை வடிவமைப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நாங்கள் செய்து பார்த்தது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆகவே ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் துணையுடன் சிறிய உலை ஒன்றைச் செய்து பார்த்தோம். பழைய 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் எரியறையாயிற்று. பட்டறையில் கரி ஊதும் மின் ஊதுவிசிறி காற்றுக்கு. கம்பி வலை அடித்த மரப்பெட்டியில் ஓர் அடி உயரத்துக்கு 50 கிலோ நெல். ஒவ்வொரு முறையும் 21 விழுக்காட்டிலிருந்து 15-க்குக் கொண்டுவருவதே நோக்கம். அதற்கு நீங்க வேண்டிய நீர் சுமார் மூன்றரை கிலோ. எடை போட்டுப் பார்த்தே ஈரத்தைக் கணக்கிட்டோம்.

முதல் உலையில் தட்டையான வலை, நேர்முறை. 12 கிலோ உமி தீர்ந்தது. சாம்பல் கன்னங்கரேல் என்று இருந்தது. நெல் காய்ந்தது, ஆனால் அந்த அரிசியைச் சமைத்த அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, "இது சோறா, சாம்பிராணியா?" என்றார். கோழிகளும் தயங்கியே தின்றன.

இரண்டாவது உலையில் களிமண் பூசி, பட்டை இரும்பால் ஐந்து படிகள் வைத்து, நான்கு கறுப்பு இரும்புக் குழாய்களைக் குறுக்கே செருகி மறைமுறையாக்கினோம். துத்தநாகம் பூசிய குழாய் சூட்டில் நச்சுப் புகை விடும் என்று துறை ஆசிரியர் முன்னரே எச்சரித்ததால் அதைத் தவிர்த்தோம். புகை நாற்றம் போயிற்று. ஆனால் உமி 10 கிலோ ஆயிற்று. அத்துடன் நடுவில் மின்சாரம் நின்றது. ஊதுவிசிறி நிற்க, நெருப்பு நிற்கவில்லை. குழாய்கள் பழுக்கக் காய்ந்தன. மின்சாரம் வந்ததும் அந்த அனல் முழுதும் நெல்லுக்குள் பாய்ந்து அடிநெல் வெடித்தது. இதிலிருந்து கற்றது: விசிறி நின்றவுடன் அனலை வெளியே திருப்பிவிட ஒரு கதவு கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது முறை சுடருக்கு மேலே பன்னிரண்டு இரண்டாம் காற்றுத் துளைகள் இட்டோம். புகை குழாய்களை மூன்று தடவை சுற்றிச் செல்லுமாறு தடுப்புகள் வைத்தோம். சாம்பல் கதவுக்கு நகரும் தகடு பொருத்தினோம். உமி 6 கிலோவுக்கு இறங்கியது. சாம்பல் சாம்பல் நிறத்துக்கு வந்தது. நெல்லுக்குப் போன காற்று 42 பாகையைத் தாண்டவில்லை. அந்நெல்லில் 100 எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்ததில் தொண்ணூறுக்கு மேல் முளைத்தன.

வெற்றி என்று மார்தட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை. மூன்றரை கிலோ நீருக்குத் தேவையான வெப்பம் சுமார் 2,050 கிலோ கலோரி. 6 கிலோ உமியில் இருந்தது 18,000. ஆக மொத்தத் திறன் 11 விழுக்காடு. முதல் உலையில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. இருமடங்காக்கினோம் என்பது உண்மை. பத்தில் ஒன்பது பங்கு இன்னும் வீணாகிறது என்பதும் உண்மை. பீப்பாயின் வெளிச்சுவரைக் கையால் தொட முடியவில்லை; அங்கே போகும் வெப்பத்தைத் தடுக்க இரட்டைச் சுவர் வைத்து, அவ்விடைவெளி வழியே காற்றை உள்ளே இழுப்பது எங்கள் அடுத்த முயற்சி. அந்தப் பழைய படத்தில் உலையைச் சுற்றி உறை ஒன்று இருந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

சில எச்சரிக்கைகள்

இதைச் செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். மூடிய அறைக்குள் உலையை எரிக்கவே கூடாது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைக் குடிக்கும். உமிக் குவியலை உலையிலிருந்து தொலைவில் வைக்க வேண்டும். எரியறையின் சூடு அளவுக்கு மீறினால் உமிச்சாம்பலின் சிலிக்கா படிகமாக மாறும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே சாம்பலை அள்ளும்போது நீர் தெளித்து, மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

வெயில் உள்ள நாளில் உலையை மூட்டுவது அறிவுடைமை ஆகாது. கதிரவனைப் போல மலிவான உலை வேறில்லை. இந்த உலை மழைநாளுக்கு மட்டுமே.

முடிவுரை

50 கிலோ காயவைத்ததும் அப்பாவிடம் காட்டினேன். அள்ளிப் பார்த்தார், பல்லில் கடித்துப் பார்த்தார். "காய்ச்சல் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மூட்டைதானேம்மா?" என்றார். அவர் கேட்டது சரியே. ஓர் ஏக்கரில் முப்பது மூட்டை விளைகிறது. பீப்பாய் உலை ஊரைக் காக்காது.

நவீன அரிசி ஆலைகளில் உமியெரி உலைகளும் பெரிய உலர்த்திகளும் பல்லாண்டுகளாக இயங்கி வருகின்றன. ஆனால் நெல் முளைப்பது ஆலையில் அன்று. ஆலைக்குப் போகுமுன் களத்தில் காத்துக் கிடக்கும் அந்த ஒன்பது நாளில். ஆகவே உலர்த்தி இருக்க வேண்டிய இடம் நெல் காத்திருக்கும் இடமே. நான்கைந்து ஊர்களுக்கு ஒன்றாக, நாளொன்றுக்குச் சில டன் காயவைக்கும் உமி உலை இருந்து, அதன் திறன் 50 விழுக்காட்டை எட்டினால், நான் மேலே போட்ட கணக்கு வெறும் கணக்காக இராது. உமி நம்மிடம் இருக்கிறது. தேவை நம்மிடம் இருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கென்றே பிறந்த நிறுவனமும் தஞ்சையில் இருக்கிறது. இயற்பியல், வேதியியல் படிக்கும் நாமும் இருக்கிறோம். கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஓர் உலையை அளந்து, அதில் எவ்வளவு உமி போகிறது, எவ்வளவு நீர் நீங்குகிறது என்று எழுதி வந்தாலே நம் கல்லூரியில் ஒரு நல்ல குறிப்பேடு உருவாகிவிடும்.

மூன்றாவது உலையில் காய்ந்த நெல்லில் ஒரு மரக்காலை அம்மா தனியே எடுத்து, வேப்பிலை போட்டுக் கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். வரும் குறுவைக்கு அதை நாற்றங்காலின் ஒரு மூலையில் தனியாக விட்டுப் பார்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.